ஏதென்ஸிலிருந்து ஹைட்ரா வரை: முதன்முறை பாய்மரப் படகில் கிரேக்கத் தீவுக்குப் போகிறவர்களுக்கு

கிரேக்கத் தீவு என்றதும் பெரும்பாலானவர்களுக்கு சாந்தோரினிதான் கண்முன் வரும். பாய்மரப் படகில் முதல் தடவை போகிறவர்கள் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஏதென்ஸ் பக்கத்திலிருந்து அது 120 கடல்மைலுக்கும் மேல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர், நாற்பது அடிப் படகு மணிக்கு ஐந்து, ஆறு கடல்மைல்தான் போகும். போய்ச் சேர்ந்தாலும் சாந்தோரினியின் எரிமலைப் பள்ளத்துக்குள் கடல் முந்நூறு மீட்டருக்கு மேல் ஆழம், நங்கூரம் தரையைத் தொடாது. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் திரும்பி வருவதில் இருக்கிறது. கோடையில் அந்தக் கடலில் வடக்கிலிருந்துதான் காற்று. போகும்போது முதுகைத் தள்ளுகிற அதே காற்றும் அலையும் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். வாடகைப் படகை வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற கெடுவோடு அப்படி எதிர்க்காற்றில் வருவது யாருக்கும் விடுமுறையாக இருக்காது.

ஏதென்ஸுக்குத் தெற்கே உள்ள சரோனிக் வளைகுடாவைத் தேர்ந்தெடுங்கள். ஏஜினா, போரோஸ், ஹைட்ரா என்று மூன்று தீவுகள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே மூன்று நான்கு மணி நேரப் பயணம். பக்கத்திலேயே பெலோபொனீஸ் நிலப்பரப்பு இருப்பதால் காற்று மாறினால் ஒதுங்க இடம் கிடைக்கும். ஒரு வாரத்தில் நிதானமாகப் போய்த் திரும்பலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வழியைப் பற்றித்தான்.

எந்த மாதம்?

மே கடைசி, ஜூன், செப்டம்பர். என்னைக் கேட்டால் செப்டம்பர்தான் முதல் இடம். கோடை முழுதும் காய்ந்த கடல் இன்னும் சூடாக இருக்கும், கூட்டம் கலைந்திருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். மே மாதத்தில் மலைச்சரிவெல்லாம் பூ; ஆனால் தண்ணீர் சில்லென்று இருக்கும், நம்மவர்கள் குளிக்கத் தயங்குவார்கள்.

ஜூலையும் ஆகஸ்டும் மெல்டெமி காற்றின் மாதங்கள். துருக்கி நிலப்பரப்பு வெயிலில் காய்ந்து அங்கே காற்றழுத்தம் குறையும். பால்கன் பக்கம் அழுத்தம் கூடுதலாக நிற்கும். இந்த வித்தியாசத்தால் ஏஜியன் கடல் முழுக்க வடக்கிலிருந்து காற்று பாயும், சில சமயம் நாட்கணக்கில். நம் ஊர் வாடை போல வடக்கிலிருந்து வந்தாலும் வாடைக்கு உள்ள மேகமும் மழையும் இதற்குக் கிடையாது. தெளிந்த நீல வானத்தின் கீழேயே பலமாக வீசும். அதனால் வானத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் முன்னறிவிப்பைப் பாருங்கள். சரோனிக்கில் மெல்டெமியின் வேகம் நடு ஏஜியனில் உள்ள அளவுக்கு இருக்காது. முதல் முறைக்கு இந்தப் பக்கத்தைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

காற்றை அங்கே போஃபோர்ட் அளவில் சொல்வார்கள். நான்கு என்றால் 11 முதல் 16 நாட் வரை (மணிக்கு ஒரு கடல்மைல் வேகம்தான் ஒரு நாட்), அருமையான பாய் ஓட்டம். ஐந்தில் படகு நன்றாகச் சாயும், தண்ணீர் தெறிக்கும், பழகாதவர்களுக்குப் பயம் வரும். ஆறு, அதாவது 22 நாட்டுக்கு மேல் என்று முன்னறிவிப்பு இருந்தால் துறைமுகத்திலேயே இருந்துவிடுங்கள். பல வாடகை ஒப்பந்தங்களிலும் அதற்குமேல் கிளம்பக் கூடாது என்றே எழுதியிருக்கும். காற்றே இல்லாத நாட்களும் வரும். அப்போது இன்ஜின்தான், அதில் குறையாக நினைக்க ஒன்றுமில்லை.

படகும் ஸ்கிப்பரும்

வாடகை வாரக் கணக்கில்தான், சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை. சனி மாலை ஐந்து மணிவாக்கில் படகு கைக்கு வரும். அடுத்த வெள்ளி மாலை திரும்பி, அன்றிரவு படகிலேயே தூங்கி, சனி காலை ஒன்பது மணிக்குள் காலி செய்ய வேண்டும்.

படகை நீங்களே ஓட்ட வேண்டுமானால் கிரேக்கத்தில் செல்லுபடியாகும் பாய்மரப் படகுச் சான்றிதழ் ஒருவரிடம் இருக்க வேண்டும். ஐ.சி.சி. என்ற சர்வதேசத் தகுதிச் சான்றிதழ், ஆர்.ஒய்.ஏ. என்ற பிரிட்டிஷ் படகுச் சங்கம் தரும் டே ஸ்கிப்பர் சான்றிதழ் போன்றவை அப்படிப்பட்டவை. அவரோடு இன்னொருவருக்கும் படகு அனுபவம் இருக்க வேண்டும். உங்களிடம் உள்ள சான்றிதழ் செல்லுமா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதைப் படிக்கும் பெரும்பாலானோரிடம் சான்றிதழ் இருக்காது. அவர்களுக்கு வழி ஸ்கிப்பரோடு, அதாவது சம்பளத்துக்குப் படகை ஓட்டித் தருபவரோடு, படகு எடுப்பது. ஸ்கிப்பருக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 யூரோ. அவருடைய சாப்பாடும் உங்கள் செலவு. அவர் தூங்க ஒரு இடமும் வேண்டும். ஆறு பேர் சேர்ந்து மூன்று அறைப் படகை எடுத்துவிட்டு, ஸ்கிப்பர் எங்கே படுப்பார் என்று கடைசி நிமிடத்தில் விழிக்கிற குழுக்கள் உண்டு. நாற்பது அடிப் படகுக்கு நான்கு பேரும் ஸ்கிப்பரும் என்பதுதான் சரியான கணக்கு. ஐந்து பேர் வரை சமாளிக்கலாம், அதற்குமேல் நெரிசல்.

நல்ல ஸ்கிப்பர் வெறும் ஓட்டுநர் கிடையாது. எந்தத் துறையில் எந்த மூலையில் அலை குறைவு, எந்த உணவகத்தில் இன்று மீன் புதிது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் சுக்கானை உங்கள் கையில் கொடுத்துச் சொல்லித் தருவார். பாயை ஏற்றுவது, வின்ச்சில் கயிறு சுற்றுவது எல்லாம் ஒரே நாளில் பிடிபடும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: காற்றைப் பற்றி அவர் சொல்வதே முடிவு. ‘டிக்கெட் போட்டுவிட்டோம், இன்றே ஹைட்ரா போயாக வேண்டும்’ என்று அவரை நெருக்காதீர்கள்.

ஒற்றை உடல் படகா, இரட்டை உடல் கேட்டமரனா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். கேட்டமரன் சாயாது, அகலம் அதிகம். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போனால் அதுதான் வசதி. ஆனால் வாடகை கணிசமாகக் கூடும், சின்னத் துறைமுகங்களில் இடம் கிடைப்பதும் கடினம். பாய்மரப் பயணத்தின் சுகத்தை உணர வேண்டுமென்றால் சாய்ந்து ஓடும் ஒற்றை உடல் படகையே எடுங்கள்.

செலவு? மூன்று அறை உள்ள ஒற்றை உடல் படகு மாதத்தையும் படகின் வயதையும் பொறுத்து வாரத்துக்குச் சுமார் 1,800 முதல் 4,500 யூரோ வரை ஆகும். இதற்குமேல் ஸ்கிப்பர், கடைசிச் சுத்தம், டீசல், படகுக்கான கடல்பயண வரி எல்லாம் சேரும். இவற்றில் எவை வாடகைக்குள் அடக்கம், எவை தனி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பாதுகாப்பு முன்வைப்பாக இரண்டாயிரம், மூவாயிரம் யூரோவை அட்டையில் பிடித்து வைப்பார்கள். அந்த அளவுக்கு வரம்புள்ள கிரெடிட் கார்டு ஒருவரிடமாவது இருக்க வேண்டும்.

விசாவும் காகிதங்களும்

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பது பெரும்பாடு என்பதால் காலம் தாழ்த்தாதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அந்தக் காப்பீடு பாய்மரப் படகுப் பயணத்தையும் உள்ளடக்குகிறதா என்று பாருங்கள். சில பாலிசிகளில் அது விலக்கப்பட்டிருக்கும். தங்குமிடச் சான்றாகப் படகு ஒப்பந்தத்தையும் உங்கள் பெயர்கள் உள்ள பயணிகள் பட்டியலையும், ஏதென்ஸில் தங்கும் இரவுகளுக்கான ஹோட்டல் பதிவையும் சேர்த்து வையுங்கள். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை.

மூட்டையில் என்ன

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டவே வேண்டாம். படகில் அதை வைக்க இடமில்லை. மடித்துச் சுருட்டி வைக்கக்கூடிய துணிப்பை கொண்டுபோங்கள். தளத்தில் கறை படியாத வெள்ளை அடிப்பாகம் உள்ள ரப்பர் செருப்பு அல்லது ஷூ, நாடா கட்டிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழுக்கை மெல்லிய சட்டை, செப்டம்பர் ஆனாலும் இரவுக்கு ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை, நெற்றியில் கட்டும் டார்ச், கயிறு இழுக்கக் கையுறை. வெயிலை லேசாக எடைபோடாதீர்கள்; காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவதே தெரியாது.

கடல் மயக்கத்துக்கு மாத்திரை எது என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலை சுற்ற ஆரம்பித்தபின் போட்டால் பயன் குறைவு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் வந்தவரைக் கீழே அறையில் படுக்க விடாதீர்கள். மேல்தளத்தில் உட்காரவைத்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சுக்கானைப் பிடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம், சாப்பாடு. இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், சாம்பார்ப் பொடி தாராளமாகக் கொண்டுபோகலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சி, பால் பொருட்கள் எடுத்து வரக் கூடாது. நெய்யும் பன்னீரும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, காய்கறிகளுக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். ஏதென்ஸில் ஒமோனியா சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் தெற்காசியக் கடைகள் இருக்கின்றன. பருப்பு, அரிசி, மசாலா எல்லாம் அங்கே கிடைக்கும்.

சனிக்கிழமை: அலிமோஸ் மரீனா

ஏதென்ஸின் தெற்குக் கரையில் உள்ள அலிமோஸ், கிரேக்கத்தின் மிகப் பெரிய வாடகைப் படகுத் தளங்களில் ஒன்று. பழைய பெயர் கலமாகி. டாக்ஸி ஓட்டுநர்கள் இன்னும் அப்படியும் சொல்வார்கள். எந்த மேடையில் படகு நிற்கிறது என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இடம் பெரியது.

படகை ஒப்படைப்பவர் முக்கால் மணி நேரம் விளக்குவார். நீண்ட பயணக் களைப்பில் தூக்கம் வரும்தான், ஆனாலும் எல்லோரும் உட்கார்ந்து கேட்க வேண்டும், குழந்தைகள் உட்பட. உயிர்காப்பு மேலங்கிகள் எங்கே, ஒவ்வொருவருக்கும் அளவு பொருந்துகிறதா, தீயணைப்பான் எங்கே, எரிவாயு வால்வை எப்படி மூடுவது, வி.எச்.எஃப். வானொலியில் 16ஆம் அலைவரிசையை எப்படித் திறப்பது. கிரேக்கக் கடலோரக் காவல்படையின் எண் 108, பொது அவசர எண் 112. இரண்டையும் எல்லோருடைய செல்பேசியிலும் ஏற்றுங்கள். குழந்தைகளுக்கான மேலங்கி வேண்டுமென்றால் படகைப் பதிவு செய்யும்போதே வயதும் எடையும் சொல்லிவிட வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் படகு ஓடும்போது மேலங்கியைக் கழற்றாமல் இருப்பது நல்லது. அதில் கூச்சப்பட எதுவுமில்லை. அனுபவமுள்ள ஸ்கிப்பர்களே காற்று கூடினால் அணிகிறார்கள்.

கழிப்பறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படகின் குழாய்கள் மிக ஒடுக்கமானவை. காகிதம் போட்டால் அடைத்துக்கொள்ளும், அப்புறம் மொத்தக் குழுவுக்கும் அந்த நாள் போச்சு. காகிதத்துக்குத் தனியாக மூடி போட்ட கூடை வைத்துக்கொள்ளுங்கள். கரையில் உள்ள உணவகங்களிலும் இதே வழக்கம்தான்.

தண்ணீர்த் தொட்டியில் பெரும்பாலும் முந்நூறு, நானூறு லிட்டர் இருக்கும். வீட்டில் குளிப்பது போலக் குளித்தால் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். கடலில் குளித்துவிட்டுப் பின்பக்கத்துக் குழாயில் அரை நிமிடம் உடம்பை அலசிக்கொள்வதுதான் படகுக்காரர்கள் வழக்கம். குடிக்க ஆளுக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் கணக்கில் பாட்டில் வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட்டுக்கு இருவர் மட்டும் போனால் போதும். மொத்த வாரத்துக்கும் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை, ஒவ்வொரு தீவிலும் கடை உண்டு. செலவுக்கு எல்லோரும் சமமாகப் பணம் போட்டு ஒரு பொதுப்பை வைத்துக்கொண்டால் யார் எதற்குக் கொடுத்தார் என்ற கணக்குத் தகராறே வராது.

ஞாயிறு: ஏஜினா

சுமார் 17 கடல்மைல். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் சேரலாம். வழியில் பிரேயஸ் துறைமுகத்தின் கப்பல் பாதையைக் கடக்க வேண்டும்; நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பல்களும் வேகமாகப் பறக்கும் பயணிகள் கப்பல்களும் நிறைந்த இடம். பாயில் ஓடும் படகுக்கு இன்ஜின் படகு வழிவிட வேண்டும் என்பது பொது விதிதான். ஆனால் முப்பது நாட்டுக்கு மேல் வரும் கப்பல் முன்னால் அந்த விதியை நம்பி நிற்கக் கூடாது. எல்லோரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தூரத்தில் பார்த்ததுமே ஸ்கிப்பரிடம் சொல்லுங்கள்.

ஏஜினா நகரத் துறையின் வாயிலில் வெள்ளை நிறத்தில் சின்ன தேவாலயம் ஒன்று நிற்கும். துறைக்குள்ளேயே படகில் காய்கறி, பழம் விற்பார்கள். பிஸ்தா இந்தத் தீவின் பெயர்பெற்ற விளைச்சல். ‘ஏஜினா பிஸ்தா’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு உண்டு. செப்டம்பரில் போனால் புதுப் பிஸ்தா கிடைக்கும். ஊருக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல பண்டம் வேறு இல்லை.

மாலையில் அகியா மரீனா என்ற ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறி அஃபையா கோயிலில் இறங்குங்கள். சுமார் கி.மு. 500ஐச் சேர்ந்த டோரிக் பாணிக் கோயில். பைன் மரங்கள் சூழ்ந்த குன்றின்மேல் தூண்கள் பலவும் இன்னும் நிற்கின்றன. முகப்பில் இருந்த சிற்பங்கள் இப்போது மியூனிக்கில் உள்ளன. நகரச் சந்தடி வேண்டாம் என்பவர்கள் தீவின் தென்மேற்கில் உள்ள பெர்டிகா என்ற மீனவ ஊரில் தங்கலாம். அதன் எதிரே மோனி என்ற குட்டித் தீவு. அங்கே நங்கூரம் போட்டுக் குளிப்பது மிக இதமாக இருக்கும்.

குளிப்பதற்கு நங்கூரம் போடும்போது சில ஒழுங்குகள். தண்ணீருக்கடியில் வெளிறித் தெரியும் மணல் திட்டில் போடுங்கள். கருத்துத் தெரிவது பொசிடோனியா என்னும் கடற்புல். அதில் நங்கூரம் பிடிக்காது, புல்லும் சிதையும், அது மீண்டும் வளர வெகுகாலம் பிடிக்கும். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும். யாரும் குதிப்பதற்கு முன் ஏணி இறக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏணி மடக்கி இருந்தால் தண்ணீரிலிருந்து படகுக்குள் ஏறவே முடியாது. ஆள் தண்ணீரில் இருக்கும்போது இன்ஜினைத் தொடக் கூடாது.

திங்கள்: போரோஸ்

ஏஜினாவிலிருந்து மெத்தானா என்ற எரிமலைத் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு போரோஸுக்கு வர வேண்டும். இந்தத் தீவுக்கும் எதிரே கலாத்தாஸ் என்ற நிலப்பரப்பு ஊருக்கும் நடுவே சில நூறு மீட்டர் அகலத்தில் ஒரு நீரிணை. இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் படகுகள். கலாத்தாஸ் பக்கம் ஆழம் குறைந்த இடங்கள் இருப்பதால் ஸ்கிப்பர் ஆழமானியைப் பார்த்தபடியே ஓட்டுவார், அப்போது அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

தீவின் உயரமான பகுதியில் பொசைடன் கோயில் இருந்த இடம் இருக்கிறது. மாசிடோனியர்களிடமிருந்து தப்பி ஓடிவந்த பேச்சாளர் டெமாஸ்தனிஸ் கி.மு. 322இல் இங்கேதான் நஞ்சருந்தி இறந்தார். இன்று அடித்தளக் கற்கள் மட்டுமே மிச்சம். தண்ணீர்த் தொட்டியைப் போரோஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஹைட்ராவில் அதை நம்ப முடியாது.

நாடகத்திலோ பழைய கட்டடக் கலையிலோ ஆர்வம் உள்ளவர்கள் போரோஸுக்குப் பதில் இந்த ஒரு நாளைப் பழைய எபிடாரஸ் துறைக்குக் கொடுக்கலாம். அங்கிருந்து டாக்ஸியில் போனால் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் திறந்தவெளி அரங்கம். நடுவட்டத்தில் நின்று உரக்கப் பேசினால் மேல் வரிசை வரை கேட்கும். கோடை வார இறுதிகளில் இன்றும் பண்டைக் கிரேக்க நாடகங்களை அங்கே நடத்துகிறார்கள்.

பின்பக்கமாகக் கரையில் கட்டுவது

புதியவர்கள் எல்லோருக்கும் படபடப்பு வரும் வேலை இதுதான். வேறு பல இடங்களில் படகைக் கரைச்சுவரோடு பக்கவாட்டில் கட்டுவார்கள். கிரேக்கத் துறைகளில் இடம் குறைவு. அதனால் முன்பக்க நங்கூரத்தை நடுத்துறையில் போட்டுவிட்டு, பின்னோக்கி வந்து, பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி இரண்டு கயிற்றால் கட்ட வேண்டும். ஸ்கிப்பர் ஓட்டினாலும் கயிறு பிடிப்பது நீங்கள்தான்.

துறைக்குள் நுழையும் முன்பே, திறந்த தண்ணீரில், எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள். ஃபெண்டர் எனப்படும் ரப்பர் உருளைகள் இரண்டு பக்கமும் தொங்க வேண்டும். பின்பக்கக் கயிறுகள் இரண்டையும் ஒரு முனை படகில் கட்டி, கம்பி வேலிக்கு வெளியே எடுத்து, சுருளாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முன்னால் நங்கூரத்துக்கு, இருவர் பின்னால் கயிற்றுக்கு, இன்னொருவர் கையில் ஒரு ஃபெண்டரோடு எங்கே படகு உரசுமோ அங்கே.

சுவரிலிருந்து மூன்று, நான்கு படகு நீளம் முன்னால் நங்கூரம் இறங்கும். படகு பின்னால் போகப் போகச் சங்கிலியைத் தாராளமாக விட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் படகு கோணிக்கொண்டு போகும். சுவர் நெருங்கியதும் காற்று வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் கரையில் இருப்பவரிடம் எறியுங்கள். அது கட்டியானதும் மற்றது. பிறகு முன்பக்கச் சங்கிலியை இறுக்கி, நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவருக்கும் படகுக்கும் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள், பெரிய கப்பல் துறைக்குள் வரும்போது எழும் அலை படகைச் சுவரில் மோதவைக்கும். இரவில் நடைபலகையைத் தூக்கி வைத்துவிடுங்கள்.

கையாலோ காலாலோ படகைத் தடுத்து நிறுத்தப் போகாதீர்கள். எட்டு, பத்து டன் எடை அது. படகு உரசினால் பெயிண்ட் போகும், அவ்வளவுதான். விரல் நசுங்கினால் திரும்ப வராது. சுவருக்குத் தாவுவதும் வேண்டாம். முதல் முயற்சியில் சரியாக வரவில்லையென்றால் நங்கூரத்தை எடுத்துவிட்டு மறுபடி வரலாம். அனுபவசாலிகளும் அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

செவ்வாய்: ஹைட்ரா

போரோஸிலிருந்து ஹைட்ராவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல்மைல். கிரேக்கர்கள் இத்ரா என்பார்கள். துறை சிறியது, வருகிற படகுகளோ ஏராளம். மாலையில் போனால் இடமே இருக்காது. முன்னால் நிற்கிற படகோடு கட்டிக்கொண்டு, இன்னொருவர் தளத்தின் மேல் நடந்துதான் கரைக்குப் போக வேண்டிவரும். விடிந்ததும் போரோஸை விட்டுக் கிளம்பி, முந்தைய இரவு தங்கியவர்கள் வெளியேறுகிற பத்து, பதினொரு மணிக்கு அங்கே இருங்கள். கிளம்பும்போது பக்கத்துப் படகின் சங்கிலி உங்கள் நங்கூரத்தின் மேல் கிடந்தால் பதற வேண்டாம், இந்தத் துறையில் அது அன்றாடம் நடப்பது. நங்கூரத்தை மேலே தூக்கி, சிக்கிய சங்கிலியை ஒரு கயிற்றால் தாங்கிப் பிடித்து, நங்கூரத்தைச் சற்று இறக்கினால் விடுபடும்.

கூட்டம் அதிகமுள்ள வார இறுதியோ ஆகஸ்டோ என்றால் நான் வேறு வழியைச் சொல்வேன். எதிரே நிலப்பரப்பில் உள்ள எர்மியோனி துறையில் படகை நிம்மதியாகக் கட்டிவிட்டு, பயணிகள் படகில் ஹைட்ரா போய் வாருங்கள். அரை மணிப் பயணம்தான். ஸ்கிப்பரும் நிம்மதியாக இருப்பார், நீங்களும் ஊரை முழுதாகப் பார்க்கலாம்.

ஊரைக் கட்டாயம் முழுதாகப் பார்க்க வேண்டும். இங்கே கார், ஸ்கூட்டர் எதுவும் கிடையாது. சிமெண்ட் மூட்டை முதல் குளிர்சாதனப் பெட்டி வரை எல்லாம் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் மேலே ஏறுகிறது. துறையைச் சுற்றி மலைமேல் அடுக்கடுக்காக நிற்கும் சாம்பல் நிறக் கல்மாளிகைகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் கப்பல் முதலாளிகள் கட்டியவை. விவசாயத்துக்கு நிலமில்லாத இந்தப் பாறைத்தீவு, நெப்போலியன் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையை மீறித் தானியம் ஏற்றிச் சென்று பணக்காரத் தீவானது. 1821இல் விடுதலைப் போர் தொடங்கியபோது அதே வணிகக் கப்பல்கள்தான் போர்க்கப்பல்களாயின. கிரேக்கக் கடற்படையை நடத்திய ஆந்திரியாஸ் மியாவுலிஸும் இந்த ஊர்க்காரர்தான். துறைக்கு மேலே உள்ள லாசரோஸ் கூண்டூரியோட்டிஸ் மாளிகை இப்போது அருங்காட்சியகம். அந்தக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்று அங்கே பார்க்கலாம்.

வெயில் இறங்கியதும் கடலோரப் பாதையில் மேற்கே நடந்தால் கால் மணியில் கமினி என்ற மீனவத் துறை, இன்னும் கொஞ்ச தூரத்தில் விலிகோஸ். சாப்பாடு துறைமுகச் சுவரை ஒட்டிய கடைகளை விட உள்ளே சந்துகளில் மலிவு. சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கிரேக்கத்தில் கஷ்டமே இல்லை: பெரிய வெள்ளை அவரையைத் தக்காளியில் வேகவைத்த ஜிகாந்தஸ், மஞ்சள் பருப்பை மசித்த ஃபாவா, எலுமிச்சை பிழிந்த கீரையான ஹோர்த்தா, காய்கறிகளை எண்ணெயில் சுட்ட பிரியாம். குடைமிளகாயிலும் தக்காளியிலும் அரிசி அடைத்த கெமிஸ்தாவில் சில இடங்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், ‘ஹோரிஸ் க்ரேயாஸ்’ என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். விரத உணவு என்ற பொருளில் ‘நிஸ்டிசிமா’ என்று கேட்டால் இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லாத உணவைக் காட்டுவார்கள். ஆனால் இறாலும் கணவாயும் அவர்கள் விரதத்தில் சேர்த்திதான் என்பதால் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

திரும்பும் வழி

புதன்கிழமையை ஒன்றும் திட்டமிடாமல் விட்டுவையுங்கள். காற்று பலமாக இருந்தால் அன்று எங்கேயும் போகாமல் இருக்க அந்த நாள் உதவும். நன்றாக இருந்தால் ஹைட்ராவுக்கு மேற்கே உள்ள டோகோஸ் தீவின் விரிகுடாவுக்குப் போகலாம். மிகச் சில குடும்பங்களே வாழும் இடம். அதன் கடலடியில்தான் 1975இல், நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய கப்பல் சரக்கு ஒன்று கண்டெடுக்கப்பட்டது; அறியப்பட்ட கப்பல் சிதைவுகளிலேயே மிகப் பழையது என்கிறார்கள். மண்பாண்டங்களாகக் கிடைத்த சரக்கு அது; மரப்பலகை எதுவும் மிஞ்சவில்லை.

வியாழன் இரவுக்குள் ஏஜினாவுக்கோ பெர்டிகாவுக்கோ திரும்பிவிடுவது புத்திசாலித்தனம். வெள்ளியன்று போரோஸிலிருந்து நேராக வந்தால் முப்பது கடல்மைல், அதுவும் பெரும்பாலும் எதிர்க்காற்றில். ஏஜினாவிலிருந்து என்றால் காலையில் ஒரு குளியல் போட்டுவிட்டு மதியம் கிளம்பலாம். வெள்ளி மாலை மரீனாவில் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் டீசலுக்கு வரிசையில் நிற்கும், நான்கு மணிக்கு முன்பே வந்துவிடுங்கள். டீசல் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், தொட்டி நிரப்பியதற்கு அதுதான் அத்தாட்சி.

படகைத் திரும்ப வாங்குபவர் ஒவ்வொரு பொருளாகச் சரிபார்ப்பார். ஏதாவது உடைந்திருந்தால், நூலறுந்திருந்தால், அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் அதே படகில் இன்னொரு குடும்பம் கடலுக்குப் போகிறது. எல்லாம் சரியென்றால் முன்வைப்புத் தொகையை விடுவித்ததற்கு எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை விமானம் மதியத்துக்கு மேல் இருக்கும்படி பார்த்துப் பதிவு செய்யுங்கள். பிரேயஸிலிருந்து விமான நிலையம் போகும் எக்ஸ்96 பேருந்து கடற்கரைச் சாலை வழியாகத்தான் போகிறது, மரீனாவிலிருந்து நடந்துபோய் அதில் ஏறிக்கொள்ளலாம்.